முதலில் போறணை காயட்டும்

கடந்த நோன்பு மாதத்தில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து, நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவில் இருக்கும் சாச்சி கைத்தொலைபேசியும் கையுமாக வந்து குசினிக் கதவில் சாய்ந்து நின்றார்.

“இது மூணாவது ஆள் ராத்தா. மேல கருகிட்டாம், அடி பச்ச மாவாம். காசத் திருப்பித் தரச் சொல்றாங்க” என்று உம்மாவிடம் சொன்னார். அழவில்லை. ஆனால் குரல் கம்மியிருந்தது.

2022 இல் சீமெந்து விலை ஏறிக் கட்டட வேலைகள் நின்றபோது, மேசன் வேலை செய்யும் சாச்சாவுக்குப் பல மாதங்கள் வருமானம் இல்லை. அப்போதுதான் சாச்சி வீட்டிலேயே ரோல்ஸ், சமோசா செய்து, உறைய வைத்து விற்கத் தொடங்கினார். சென்ற வருடம் அதோடு பீட்ஸாவும் சேர்ந்தது. எட்டு அங்குல அகலம். அரைவாசி வெந்த அடி. அதன் மேல் சோஸ், சமைத்த கோழி, சீஸ். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். சாச்சியின் இரண்டு பிள்ளைகளின் வகுப்புக் கட்டணம் அந்தப் பெட்டிகளிலிருந்துதான் வருகிறது.

மூன்று பேர் குறை சொன்னதும் சாச்சி மா குழைக்கும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். “இனி பீட்ஸா வேணாம். ரோல்ஸ் மட்டும் போதும்” என்றார்.

எனக்கு ஒன்று புரியவில்லை. அதே பீட்ஸாவை அதே நாளில் சாச்சி தன் வீட்டில் சுட்டபோது நன்றாகத்தானே இருந்தது? பீட்ஸாவில் பிழை இல்லையென்றால் சுடும் முறையில்தான் பிழை இருக்க வேண்டும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். “அவனில் வைத்துச் சூடாக்கவும்” என்று ஒரே ஒரு வரி.

“ஆறு பீட்ஸா தாங்க சாச்சி. எப்பிடிச் சுடுறதெண்டு நான் கண்டுபிடிச்சு எழுதித் தாறன்” என்றேன். “உயர்தரம் எழுதப் போற புள்ள பீட்ஸா சுடப் போறாவாம்” என்று உம்மா முணுமுணுத்தார். வெப்பமும் மின்னும் எங்கள் பௌதிகவியல் பாடத்திட்டத்தில்தான் இருக்கின்றன என்று சொல்லி ஒருவாறு சமாளித்தேன். அந்த ஆறு பீட்ஸாக்களில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவனா, போறணையா?

மேசை மேல் வைக்கும் அந்த மின் பெட்டியை நம் ஊரில் எல்லோரும் “அவன்” என்றுதான் சொல்கிறோம். “அவன மூடு”, “அவன் சூடாகிட்டு” என்று உம்மா சொல்லும் ஒவ்வொரு முறையும் என் தம்பி திரும்பிப் பார்ப்பான். வாசிப்பவர்களுக்கும் அந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதால் இந்தக் கட்டுரையில் மின்போறணை என்றே எழுதுகிறேன்.

போறணை என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பாண் சுடும் பேக்கரி அடுப்பை நம் மூத்தவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். போர்த்துக்கேயரின் “ஃபோர்னோ” என்ற சொல்லே போறணை ஆனது. பாண், குசினி, அலுமாரி ஆகிய சொற்களும் அதே வழியில் வந்தவைதான். எனவே போறணை நம் கரைக்கு வந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. மின்சாரத்தில் இயங்கும் சின்னப் போறணை மட்டும்தான் புதிது. அது பல வீடுகளில் கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்பவர்கள் கொண்டுவந்த பொருளாக இருக்கிறது. 2021 இன் இறுதியில் காஸ் சிலிண்டர் வெடிப்புச் செய்திகள் வந்ததும், 2022 இல் காஸுக்கு வரிசையில் நின்றதும் இன்னும் பல வீடுகளை மின் உபகரணங்களின் பக்கம் திருப்பின.

பனிக்கட்டிக்குக் கொடுக்க வேண்டிய கடன்

உறைந்த பீட்ஸாவைச் சுடுவதும் சாதாரண பீட்ஸாவைச் சுடுவதும் ஒன்றல்ல. வித்தியாசம் பனிக்கட்டியில் இருக்கிறது.

பிரீசரின் வெப்பநிலை மறை 18 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். (இனி நான் பாகை என்று சொல்வதெல்லாம் செல்சியஸைத்தான்.) பீட்ஸாவின் மாவிலும் சோஸிலும் சீஸிலும் உள்ள நீரில் பெரும்பகுதி பனிக்கட்டியாக இருக்கிறது. ஒரு கிராம் பனிக்கட்டியை 0 பாகையிலேயே நீராக மாற்ற 334 யூல் வெப்பம் வேண்டும். அந்த ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 4.2 யூல் போதும். வகுத்துப் பார்த்தால், பனிக்கட்டி உருகுவதற்கு மட்டும் செலவாகும் வெப்பம், அதே நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை வரை சூடாக்கப் போதுமானது. பாடப் புத்தகத்தில் உருகலின் மறை வெப்பம் என்று படிப்பது இதைத்தான். பீட்ஸா வேகத் தொடங்கும் முன் போறணை இந்தக் கடனைக் கட்டி முடிக்க வேண்டும்.

அடுத்தது, மா ஈரமாக இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. கொடுக்கும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே போய்விடும். ஆனால் பாணின் மேற்தோலுக்கும் பீட்ஸாவின் அடிக்கும் பொன்னிறத்தையும் மணத்தையும் தருகின்ற தாக்கம் ஏறக்குறைய 140 பாகைக்கு மேலேதான் வேகமாக நடக்கும். 1912 இல் அதை விவரித்த பிரெஞ்சு இரசாயனவியலாளர் லூயி கமில் மையாரின் பெயரால் அது மையார் தாக்கம் எனப்படுகிறது. ஆகவே அடி பொன்னிறமாக வேண்டுமென்றால் முதலில் அங்கே பனி உருக வேண்டும், பிறகு ஈரம் போக வேண்டும், அதன் பின்பே நிறம் வரும். இவை முடியும் முன்பே மேலே உள்ள சீஸ் கருகிவிட்டால்? சாச்சிக்கு வந்த மூன்று அழைப்புகளும் அதைத்தான் சொல்லின.

தோற்ற மூன்று பீட்ஸாக்கள்

குறை சொன்ன ஒருவரிடம் அவருடைய போறணையின் திருகியைப் படம் பிடித்து அனுப்பும்படி சாச்சி பணிவாகக் கேட்டார். படம் வந்தது. திருகி நின்ற இடத்தில் ஒரு சின்னச் சதுரம். அதன் மேற்பக்கத்தில் மட்டும் ஒரு கோடு.

மின்போறணைகள் பலவற்றில் இப்படிக் குறிகள் இருக்கும். மேலே கோடு என்றால் மேல் சுருள் மட்டும் சூடாகும். கீழே கோடு என்றால் கீழ்ச் சுருள் மட்டும். இரண்டு பக்கமும் கோடு என்றால் இரண்டும். நடுவில் விசிறி போட்டிருந்தால் சூடான காற்று சுழலும். அந்த வாடிக்கையாளர் மேல் நெருப்பில் மட்டும் பீட்ஸாவை வைத்திருக்கிறார்.

நோன்பு திறந்த பிறகு எங்கள் வீட்டு 1500 வாற்றுப் போறணையில் அதையே செய்து பார்த்தேன். மேல் சுருள் மட்டும், மேல் தட்டு, முன்கூட்டிச் சூடாக்கவில்லை. எட்டாவது நிமிடத்தில் சீஸில் கரும்புள்ளிகள் வந்தன. வெட்டிப் பார்த்தால் அடி வெள்ளையாக, விரலில் ஒட்டியது. வாடிக்கையாளர் சொன்னது உண்மைதான்.

இரண்டாவது பீட்ஸாவுக்கு இரண்டு சுருள்களையும் போட்டேன். குளிர்ந்த தட்டில் பீட்ஸாவை வைத்து, உள்ளே தள்ளி, அதன் பிறகே சுவிட்சைப் போட்டேன். மேற்பக்கம் பரவாயில்லை. ஆனால் துண்டைத் தூக்கியதும் நுனி தொங்கி விழுந்தது. அடி வெளிறிப் போயிருந்தது.

“பனி போக வெளியில வெச்சிட்டுச் சுடு” என்றார் உம்மா. மூன்றாவது பீட்ஸாவை ஒரு மணி நேரம் மேசையில் வைத்துவிட்டுச் சுட்டேன். இது எல்லாவற்றையும் விட மோசம். சோஸிலிருந்து கசிந்த நீரை அடி முழுவதும் குடித்துவிட்டிருந்தது. தம்பி மட்டும் மூன்றையும் குறை சொல்லாமல் சாப்பிட்டு முடித்தான்.

பேக்கரிக்காரர் சொன்னது

அடுத்த நாள் பாண் வாங்க வாப்பாவுடன் எங்கள் தெருப் பேக்கரிக்குப் போனேன். அங்கே இன்னும் விறகுப் போறணைதான். உள்ளே எரிந்த தணலை ஒதுக்கிவிட்டு, நீண்ட பலகைத் துடுப்பில் பாணை வைத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். நெருப்பை ஒதுக்கிய பிறகு எப்படி வேகும் என்று கேட்டேன். அங்கே நின்ற காக்கா என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார்:

“நெருப்பு இல்ல மகள், கல்லுத்தான் பாண வேக வைக்கிற. கல்லு காயாம மாவ வெச்சா மேல சிவந்தாலும் அடி பச்சதான்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். வெப்பம் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று மூன்று வழிகளில் கடத்தப்படும் என்று பத்தாம் ஆண்டுக்கு முன்பே படித்துவிட்டோம். பீட்ஸாவின் மேற்பக்கத்துக்குச் சுருளின் கதிர்வீச்சும் சூடான காற்றும் நேராகக் கிடைக்கின்றன. அடிப்பக்கத்துக்குத் தட்டு மட்டுமே துணை. தட்டு குளிராக இருந்தால் கீழ்ச் சுருளின் வெப்பம் முதலில் தட்டைச் சூடாக்கவே போகும். அதற்குள் பனி உருகி, நீர் அடியில் இறங்கிவிடும்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பீட்ஸாவின் இரகசியமும் இதுவே. அங்கே விறகுப் போறணையின் வெப்பம் 430 முதல் 480 பாகை வரை இருக்கும். பீட்ஸா 60 முதல் 90 விநாடிகளில் வெந்துவிடும். அந்தப் பீட்ஸாக்காரர்களின் கலையை 2017 இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் மேசைப் போறணையின் திருகி 230 பாகையோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சூடு நமக்குக் கிடைக்காது. ஆனால் கல்லைக் காய வைக்கும் பழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது பீட்ஸாவுக்கு இப்படிச் செய்தேன். கறுப்பு இரும்புத் தட்டை வெறுமையாகக் கீழ்ப்படியில் வைத்தேன். இரண்டு சுருள்களையும் போட்டு, திருகியை உச்சத்துக்குத் திருப்பி, பத்து நிமிடம் காய விட்டேன். பிறகு பீட்ஸாவைப் பிரீசரிலிருந்து நேரே எடுத்து, உறையைக் கழற்றி, காய்ந்த தட்டில் வைத்தேன். “சிர்ர்” என்று ஒரு சத்தம் கேட்டது. ஏழாவது நிமிடத்தில் முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பினேன். எங்கள் போறணையில் பின்பக்கம் சூடு அதிகம். பதினான்காவது நிமிடத்தில் சீஸ் கொதித்து அங்கங்கே பொன்னிறமாகியிருந்தது. ஒரு துண்டைத் தூக்கினேன். நுனி தொங்கவில்லை. புரட்டிப் பார்த்தேன். அடி, நன்றாக வெந்த பாணின் மேற்தோலைப் போல இருந்தது.

உம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டார்.

திருகி சொல்வது எல்லாம் உண்மையா?

ஒரு வீட்டில் 14 நிமிடம் என்றால் எல்லா வீட்டிலும் 14 நிமிடமா? இல்லை. சிறிய போறணைகளின் திருகியில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் வெப்பமும் பல வேளைகளில் பொருந்துவதில்லை. போறணை வெப்பமானி இல்லாதவர்கள் சீனியால் சோதிக்கலாம். சீனி உருகுவது சுமார் 186 பாகையில்.

தாள் போன்ற அலுமினியத் தகட்டில் ஒரு சின்னக் கிண்ணம் செய்து, ஒரு தேக்கரண்டி சீனியைப் போடுங்கள். போறணையை 175 இல் வைத்து, நன்றாகக் காய்ந்த பின் சீனியை உள்ளே வைத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். உருகக் கூடாது. உருகினால் உங்கள் போறணை தான் சொல்வதை விடச் சூடானது. பிறகு 190 இல் வைத்து இன்னும் பதினைந்து நிமிடம். இப்போது உருக வேண்டும். உருகாவிட்டால் அது சொல்வதை விடக் குளிரானது. எங்கள் போறணையில் 190 இல் சீனி அசையவே இல்லை. 210 இல்தான் உருகியது. ஏறக்குறைய இருபது பாகை கூட்டிச் சொல்கிற போறணை எங்களுடையது. அதனால்தான் அதை உச்சத்தில் வைக்க வேண்டியிருந்தது. உருகிய சீனி கையில் பட்டால் கடுமையாகச் சுடும். ஆறும்வரை கிண்ணத்தைத் தொடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் 400, 425 என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பரனைற்று அளவு. 400 பரனைற்று என்பது நம் கணக்கில் 204 பாகை. 425 என்பது 218 பாகை.

மின்போறணை இல்லாத வீடுகள்

சாச்சியிடம் வாங்குபவர்கள் எல்லோரிடமும் மின்போறணை இல்லை. அதனால் மீதி இரண்டு பீட்ஸாக்களையும் வேறு வழிகளில் சுட்டேன்.

ஐந்தாவது, மாமி வீட்டு எயார் ஃப்ரையரில். 2010 இல் பிலிப்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு பரவிய கருவி இது. பெயரில் பொரியல் இருந்தாலும் உண்மையில் இதுவும் ஒரு சின்னப் போறணைதான். சுருள் மேலே மட்டும் இருக்கும். விசிறி சூடான காற்றைக் கூடையின் துளைகள் வழியே அடிவரை சுழற்றும். எட்டு அங்குலம் கூடைக்குள் போகாததால் உறைந்த நிலையிலேயே இரண்டாக வெட்ட வேண்டி வந்தது. 180 பாகையில் ஒன்பது நிமிடத்தில் நன்றாக வந்தது. இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். கூடையின் அடி முழுவதையும் தாளால் மூடினால் காற்று கீழே போகாது, அடி வேகாது. வெறும் தாளை மட்டும் உள்ளே வைத்துக் காய விட்டால் விசிறிக் காற்றில் அது பறந்து சுருளில் ஒட்டித் தீப்பிடிக்கக்கூடும்.

ஆறாவது, காஸ் அடுப்பில் தடித்த தாச்சியில். தாச்சியை நன்றாகக் காய வைத்து, பீட்ஸாவை வைத்து, மூடி, நெருப்பைக் குறைத்துப் பன்னிரண்டு நிமிடம். அடி அருமையாக முறுகியது. மேலே சீஸ் உருகியது, ஆனால் சிவக்கவில்லை. மூடியில் திரளும் நீர்த்துளிகள் பீட்ஸாவில் விழாதபடி இடையில் ஒரு முறை மூடியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். எந்த மின் கருவியும் இல்லாத வீட்டுக்கு இது போதும்.

மைக்ரோவேவுக்கு நான் பீட்ஸாவைச் செலவழிக்கவில்லை. அது உணவிலுள்ள நீரைச் சூடாக்கும். சுற்றியுள்ள காற்றும் தட்டும் சூடாவதில்லை. ஆகவே நிறம் வராது, அடி இறப்பரைப் போலாகும். அதோடு, நீர் உறிஞ்சும் அளவுக்குப் பனிக்கட்டி அந்த அலைகளை உறிஞ்சாது. முதலில் உருகிய இடம் கொதிக்கும்போது பக்கத்து இடம் உறைந்தே கிடக்கும்.

அந்த மணம்

மூன்றாவது பீட்ஸாவைச் சுட்டபோது நடந்த ஒன்றை இதுவரை சொல்லவில்லை. பெற்றோர் இந்தப் பகுதியை மட்டுமாவது வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்கள் குசினியில் இருப்பது ஒரே ஒரு பிளக் இடம். அதனால் போறணையை எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டிருந்தேன். நோன்பு திறந்து, உம்மா தேநீருக்கு மின் கேத்தலையும் அதே வயரில் போட்டுவிட்டு மஃரிப் தொழப் போனார். நான் பீட்ஸாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ மணம் வந்தது. சீஸ் கருகுகிறது என்று நினைத்தேன். அது சீஸ் அல்ல. எக்ஸ்டென்ஷனின் வெள்ளைப் பிளாஸ்டிக் மண்ணிறமாகி இளகிக்கொண்டிருந்தது.

பிளக்கைத் தொடாமல் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். வீடு இருண்டது. அன்று இரவு எக்ஸ்டென்ஷனைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். வலுவை அழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம். நம் நாட்டில் அழுத்தம் 230 வோல்ற்று. 1500 வாற்றுப் போறணை ஏறக்குறைய 6.5 அம்பியர் இழுக்கும். 2000 வாற்றுக் கேத்தல் 8.7 அம்பியர். இரண்டும் சேர்ந்தால் 15.2. எங்கள் எக்ஸ்டென்ஷன் தாங்குவது 13 என்று அதன் அடியிலேயே எழுதியிருந்தது. யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

“ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே, ஏன் விழல்ல?” என்று வாப்பா கேட்டார். அடுத்த நாள் வந்த எலெக்ட்ரீசியன் விளக்கினார். ட்ரிப் சுவிட்ச் மின் கசிவுக்கானது. மின்னோட்டம் ஓர் உடம்பின் வழியாகவோ ஈரச் சுவரின் வழியாகவோ நிலத்துக்குக் கசிந்தால் அது விழும். அளவுக்கு மீறி மின் இழுப்பதைத் தடுப்பது எம்.சி.பி. என்ற சின்ன ஆளிகள். எங்கள் குசினிக்குரிய எம்.சி.பி. 20 அம்பியர் தாங்குவது. 15 அம்பியருக்கு அது விழாது. ஆகவே நடுவில் இருந்த எக்ஸ்டென்ஷனைக் காப்பாற்ற எதுவும் இருக்கவில்லை. இப்போது குசினியில் போறணைக்கென்று தனிப் பிளக் இடம் இருக்கிறது.

பழைய வீடுகளில் உள்ள சிறிய 5 அம்பியர் உருண்டை முள் பிளக் இடத்தில் போறணையைப் போடவே கூடாது, 6.5 அம்பியரை அது தாங்காது. வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகளின் பின்னால் உள்ள தகட்டையும் வாசியுங்கள். சவூதி அரேபியாவில் நெடுங்காலம் பல வீடுகளுக்கு 127 வோல்ற்று மின்தான் வந்தது. அந்த அழுத்தத்துக்குச் செய்த பழைய கருவியை நம் 230 வோல்ற்றில் போட்டால் அது எரிந்துபோகும். தகட்டில் 220 முதல் 240 வரை என்று இருந்தால் பயமில்லை.

கறண்ட் பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1500 வாற்றுப் போறணை காய 10 நிமிடமும் வேக 14 நிமிடமும் முழுமையாக ஓடினாலும் 0.6 அலகுதான் செலவாகும். வெப்பம் போதியதும் சுருள் தானே அணைவதால் உண்மையில் இன்னும் குறையும். இரண்டு பீட்ஸா சுடுவதென்றால் ஒன்றை எடுத்ததும் மற்றதை வையுங்கள். இரண்டாவது முறை காய வைக்கத் தேவையில்லை. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் கட்டணம் வேறு படிக்குப் போய்விடும் என்பதால் இந்தச் சிறு சிக்கனமும் சில வீடுகளுக்குப் பெரிது.

குரங்கு கற்றுத் தந்த பாடம்

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின் தடைப்பட்டது நினைவிருக்கும். எல்லோரும் சிரித்தோம். சாச்சி சிரிக்கவில்லை. அவருடைய பிரீசர் நிறைய நோன்புக்கான உணவு இருந்தது. 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின் வெட்டப்பட்டதையும் அவர் பார்த்தவர்.

நிறைந்த பிரீசரை மூடியபடியே வைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு நாட்கள் குளிர் நிற்கும். பாதி நிறைந்ததென்றால் ஒரு நாள். அதைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் கெடுதல். மின் வந்த பிறகு, உணவில் இன்னும் பனிப் பளிங்குகள் இருந்தால் மீண்டும் உறைய வைக்கலாம். சுவை சற்றுக் குறையும், ஆபத்தில்லை. முழுதும் உருகி இளஞ்சூடாகிவிட்ட கோழி பீட்ஸாவை எறிந்துவிட வேண்டும். கோழி உள்ள உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 பாகையைத் தாண்டும் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை. அந்தக் கணக்கில், மூன்றாவது பீட்ஸாவை ஒரு மணி நேரம் மேசையில் வைத்த நானும் எல்லையில்தான் நின்றிருக்கிறேன். சுடும்போது நடுப்பகுதி 74 பாகைக்கு வர வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் நடுவே வெட்டிப் பாருங்கள். ஆவி பறக்க வேண்டும்.

கடையில் இறக்குமதிப் பீட்ஸா வாங்குபவர்கள் ஹலால் இலச்சினையோடு உட்பொருட்களையும் வாசிப்பது நல்லது. பெப்பரோனி பெரும்பாலும் பன்றி இறைச்சி கலந்தது. சீஸைத் திரளச் செய்யும் ரெனட் கன்றின் இரைப்பையிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம். ஈ 471 போன்ற கொழுப்புப் பொருட்கள் தாவரத்திலிருந்தோ விலங்கிலிருந்தோ வரலாம். எதிலிருந்து என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாச்சியின் துண்டுச் சீட்டு

இவ்வளவையும் ஒரு பெட்டியில் எழுத முடியாது. சாச்சியும் நானும் இருந்து குறைத்துக் குறைத்து, கடைசியில் இப்படி ஒரு துண்டுச் சீட்டை அச்சிட்டோம்:

1. போறணையைச் சுவர்ப் பிளக்கில் தனியாகப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டாம். சுடும்வரை பக்கத்தில் இருங்கள்.

2. வெறும் தட்டைக் கீழ்ப்படியில் வைத்து, மேல், கீழ் இரண்டு சுருள்களையும் போட்டு, 220 பாகையில் பத்து நிமிடம் காய விடுங்கள்.

3. பீட்ஸாவை உருக விடாதீர்கள். பிரீசரிலிருந்து நேரே எடுத்து, உறையைக் கழற்றிக் காய்ந்த தட்டில் வையுங்கள்.

4. ஏழு நிமிடத்தில் ஒரு முறை திருப்புங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும்.

5. கடிகாரத்தை மட்டும் நம்பாமல் ஓரத்தைத் தூக்கி அடியைப் பாருங்கள். பொன்னிறமானால் எடுங்கள்.

6. போறணை இல்லையா? காய்ந்த தாச்சியில் மூடி வைத்து, மெல்லிய நெருப்பில் பன்னிரண்டு நிமிடம்.

கீழே செய்த திகதியையும் எழுதுகிறோம். சோஸையும் சாச்சி இப்போது நீர் வற்றும்வரை காய்ச்சியே பூசுகிறார்.

முதல் வரியில் பிளக்கைப் பற்றி எழுதியது சாச்சிக்கு முதலில் பிடிக்கவில்லை. “பீட்ஸா வாங்க வாறவங்கள ஏன் புள்ள பயங்காட்டணும்?” என்றார். இளகிப் போன எக்ஸ்டென்ஷனைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, அதையே மேல போடு” என்றார்.

பெருநாள் முடிந்து சாச்சி மீண்டும் மா குழைத்தார். முதலாவது பெட்டிகள், குறை சொன்ன அந்த மூன்று வீடுகளுக்கும் காசு வாங்காமல் போயின, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டோடு. அன்றிரவு திருகியைப் படம் பிடித்து அனுப்பிய அதே ராத்தாவிடமிருந்து இன்னொரு படம் வந்தது. பீட்ஸாவின் மேற்பக்கம் அதில் தெரியவில்லை. ஒரு துண்டைப் புரட்டிப் போட்டு, அடியை மட்டும் எடுத்திருந்தார். கீழே, “வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு வேணும்” என்று எழுதியிருந்தது.

எங்கள் வீட்டில் அந்த எக்ஸ்டென்ஷனை உம்மா எறிய விடவில்லை. குசினிச் சுவரில், போறணைக்கு மேலே, ஆணியில் தொங்குகிறது.

- உயர்தரம், விஞ்ஞானப் பிரிவு மாணவி